மூச்சும் உடல்நிலையும்: தீராத தசைவலி குறித்து ஒரு பாடம்

கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் வலி குடிகொண்டுவிட்டால் தொழில் தடைப்படும், உறக்கம் குறையும், சாமாயிகத்தில் சிறிது நேரம் அமர்வதும் அரிதாகும். ஆதலின், மூச்சுவிடும் பழக்கமும் உடலை வைத்துக்கொள்ளும் நிலையும் இவ்வலியுடன் எவ்வாறு தொடர்புடையன என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கொல்லிமலைச் சாரலை அடுத்த சமவெளியில் உள்ள எருமப்பட்டியையும் அதனைச் சூழ்ந்த நாமக்கல் பகுதியையும் எடுத்துக்கொள்வோம். சின்ன வெங்காய வயலில் நாள் முழுதும் குனிந்து களையெடுக்கும் பெண்டிர், கோழிப்பண்ணையில் முட்டை எடுத்து அட்டைகளில் அடுக்குவோர், வடமாநிலங்கள் வரை லாரி ஓட்டிச் செல்லும் ஓட்டுநர் ஆகியோரின் உழைப்பால் வாழும் பகுதி அது. இத்தகைய உழைப்பாளரிடம் நாம் அடிக்கடி கேட்பது ஒரே முறையீடு: "படம் எடுத்துப் பார்த்தாயிற்று, எலும்பில் குறையில்லை என்கிறார்கள்; வலி மட்டும் போகவில்லை." பலர் மருந்துக்கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். மருத்துவர் மேற்பார்வையின்றி வலிநீக்கி மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகப் பழுதும் நேரக்கூடும்.

மூச்சின் இயல்பு

ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது நம் முன்னோர் கணக்கு. அதாவது நிமிடத்திற்கு 15. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை என்பது இன்றைய மருத்துவக் கணக்கு. இரண்டும் ஒத்திருத்தல் காண்க.

மூச்சை உள்ளிழுக்கும் முதன்மைத் தசை உதரவிதானம். இது மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குடைபோல் கவிந்துள்ளது. இது கீழிறங்கும்போது வயிறு மெல்லப் புடைக்கும். கவலை, அவசரம், இறுக்கமான ஆடை, கூனிய இருக்கை ஆகியவற்றால் சிலர் மேல்மார்பினால் மட்டுமே மூச்சுவிடப் பழகிவிடுகின்றனர். அப்போது கழுத்தின் பக்கத்தசைகளும் பிடரியிலிருந்து தோள்வரை பரந்த தசையும் ஒவ்வொரு மூச்சிற்கும் விலாவைத் தூக்க முயல்கின்றன. அவை இடையிடையே உதவுவதற்கு அமைந்தவை. நாள்தோறும் பல்லாயிரம் முறை உழைத்தால் அவை இறுகி நோவது இயல்பே. தேவைக்கு மீறி விரைவாக மூச்சுவிடுவோருக்கு இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல்களில் மதமதப்பும் தசைகளில் பிடிப்பும் தோன்றுதலும் உண்டு.

நிலையின் பங்கு

உதரவிதானத்திற்கு மற்றொரு பணியும் உண்டு. கையை விரைந்து உயர்த்தும்போது, கையின் தசை இயங்குவதற்குச் சற்று முன்னரே உதரவிதானம் சுருங்கி நடுவுடலை நிலைநிறுத்துகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டறிந்தனர். அந்நாட்டில் 38,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுக் கோளாறு உடையவர்களிடம் முதுகுவலி மிகுந்து காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுவதேயன்றி, ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவுவதன்று.

'நிமிர்ந்து உட்கார்ந்தால் வலி வராது' என்று கூறுவது முழு உண்மையன்று. எந்த நிலையாயினும் மணிக்கணக்கில் அசையாதிருந்தால் தசை சோர்கிறது. ஆகவே ஓட்டுநர் வண்டியை நிறுத்துமிடங்களில் இறங்கிச் சில நிமிடம் நடத்தல் வேண்டும். களையெடுப்போர் அவ்வப்போது நிமிர்ந்து நிற்றல் வேண்டும். சுமை தூக்குங்கால் மூச்சை அடக்காமல் மெல்ல வெளிவிடுதல் நலம்.

காயோத்ஸர்க்கம் தரும் அளவு

சிரவணபெளகொளாவில் 981-இல் எழுந்த பாகுபலியின் திருவுருவை நினைவுகூர்வோம். கைகள் தாமே தொங்குகின்றன, தோளில் விறைப்பில்லை. இதுவே காயோத்ஸர்க்க நிலை. பாதங்களுக்கிடையே நான்கு விரல் இடைவெளி விட்டு நிற்றலும், மூச்சை எண்ணுதலும் அதன் முறை. பஞ்ச நமஸ்காரத்தை ஒன்பது முறை நினைப்பதற்கு 27 மூச்சு என்பது நாம் நாள்தோறும் கேட்கும் கணக்கு. அதன் நோக்கம் உடற்பற்றை விடுதல், வலி நீக்குவதன்று. ஆயினும் அவ்வளவு நமக்கு நல்ல பயிற்சியாகிறது.

காலையும் மாலையும் இவ்வாறு நின்றோ அமர்ந்தோ, ஒரு கையை மார்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துப் பாருங்கள். வயிற்றின் மேலுள்ள கை முதலில் அசைதல் வேண்டும். பின்னர் கைகளைத் தளர விட்டு 27 மூச்சுகளை எண்ணுக. மூச்சை வலிந்து இழுக்க வேண்டா; வெளிவிடுதல் சற்று நீளட்டும். இரண்டு மூன்று நிமிடங்களே ஆகும். தலைசுற்றினால் நிறுத்திவிடுக. ஓரிரு நாளில் பயனை எதிர்பாராது சில வாரங்கள் தொடர்க.

எச்சரிக்கை

கை கால்களில் உணர்வு மங்குதல், வலுவிழத்தல், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல் ஆகியன வலியுடன் சேர்ந்தால் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்க. மார்பில் அழுத்தமும் அவ்வலி கைக்கோ தாடைக்கோ பரவுதலும் நேர்ந்தால், தசைப்பிடிப்பு என்று எண்ணி வீட்டில் இருத்தல் கூடாது. உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

பிற உயிர்களின் நோவை அஞ்சி நடக்கும் நாம், நம் உடலின் நோவையும் பொருட்படுத்தாதிருத்தல் முறையன்று. இல்லத்துப் பெரியோரும் இளையோரும் இன்று மாலையே ஒருங்கு நின்று 27 மூச்சுகளை எண்ணிப் பார்ப்பார்களாக.