யாழ்ப்பாணத்தார் வேகமாகப் பேசுகிறார்களா?

ஸ்பிரிங்வெளி,
பதுளை.

அன்பு மருமகளுக்கு,

யாழ்ப்பாணத்தில் எல்லாரும் படபடவென்று கதைக்கிறார்கள், வகுப்பில் பாதிதான் விளங்குகிறது என்று எழுதியிருந்தாய். "அதுவும் தமிழ்தானே மாமா, ஏன் இப்படி?" என்ற உன் கேள்வி நல்ல கேள்வி.

பதுளை பஸ் ஸ்டாண்டில் சிங்களப் பேச்சு நமக்கு ஓட்டமாகத்தான் கேட்கும். பக்கத்தில் நிற்கும் சிங்களவரைக் கேட்டால், தமிழர்தான் மூச்சு விடாமல் பேசுகிறார்கள் என்பார். எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிறோம். பேச்சில் அது கிடையாது. பழகிய காதுதான் சொற்களைப் பிரித்துக்கொள்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை பேரையும் கிலோவையும் ஒரே மூச்சில் கொட்டுவாரே, உன் அம்மாவுக்கு ஒன்றும் தப்பாது. வெளியாளுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

உனக்கு நேர்வதும் பெரும்பாலும் இதுதான். "உவர் ஏன் உதைச் சொல்லுறார்" என்று ஒருவர் சொன்னால், நம் பக்கத்தில் வழக்கத்தில் இல்லாத 'உவர்', 'உது' இரண்டிலும் நீ தடுக்கி நிற்பாய். அதற்குள் அடுத்த மூன்று சொல் போய்விடும்.

அதற்காக முழுவதையும் காதின் மேல் போட்டுவிட முடியாது. அளந்து பார். அவர்களிடம் கேட்டுக்கொண்டு பேச்சைப் போனில் பதிவு செய், கேட்டபடியே எழுது, புள்ளி வைத்த எழுத்துகளைத் தள்ளிவிட்டு மற்றவற்றை எண்ணு. அதுதான் அசைக் கணக்கு (யாப்பில் படித்த அசை வேறு, குழப்பிக்கொள்ளாதே). அதை வினாடிகளால் வகு. பேச்சு நின்ற நேரத்தைக் கழித்து ஒரு தடவை, கழிக்காமல் ஒரு தடவை. இடையில் குறைவாக நிறுத்துகிறவரும் வேகக்காரராகத்தான் தெரிவார்.

நம் "வந்துகிட்டிருக்கேன்" ஆறு அசை. அங்கே "வந்துகொண்டிருக்கிறன்" ஏழு. இரண்டையும் ஒரே நேரத்துக்குள் முடித்தால் அவர்கள் நாக்கு உண்மையாகவே கூடுதலாக ஓடியிருக்கிறது. ஆனால் சொன்ன சேதி ஒன்றுதான். மொழிக்கு மொழியும் இப்படித்தான். பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கணக்கில், வினாடிக்கு ஜப்பானியம் 7.84 அசை, பிரெஞ்சு 7.18, ஆங்கிலம் 6.19, சீனத்தின் மாண்டரின் 5.18. வேகமான மொழியில் அசைக்கு அசை சேதி குறைவு. 2019இல் 17 மொழிகளைப் பார்த்தபோது, எல்லாம் வினாடிக்கு ஏறத்தாழ 39 பிட் (சேதியை அளக்கும் அலகு) என்ற அளவைச் சுற்றியே நின்றன. கண்ணிமையையும் கைநொடியையும் மாத்திரைக்கு அளவாக வைத்த தமிழ் அந்தப் பதினேழில் இல்லை என்பது எனக்கு ஒரு குறை.

பிரெஞ்சு பேசுவோருக்குள்ளும் யார் வேகம் என்ற வழக்கு இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் பிரெஞ்சு பேசுவோர் இழுத்து இழுத்துப் பேசுவதாகப் பாரிஸில் பழைய கேலி. அளந்தவர்கள் அதில் கொஞ்சம் உண்மையும் கண்டார்கள். ஆனால் புத்தகத்தில் பிரெஞ்சு படித்துவிட்டுப் பாரிஸ் போகிறவர் திணறுவது வேறு காரணத்தால். தெரியாது என்பதற்குப் புத்தகம் "ஜு நு ஸே பா" என்று நாலு அசை சொல்லிக்கொடுக்கும். தெருவில் அது "ஷே பா". பாதி அசை கழன்றுபோனதை அவர் வேகம் என்று எடுத்துக்கொள்கிறார்.

மாறாக, இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா கொட்டிய வேகத்துக்குக் கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் ரசிகர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு ஒலியும் முழுதாக வந்தது, சொற்களும் எல்லாருக்கும் தெரிந்தவை. யாரும் விளங்கவில்லை என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதனால் வகுப்புப் பதிவை முக்கால் வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதில் பெரிய பலன் இருக்காது. தெரியாத சொல் மெதுவாக வந்தாலும் தெரியாத சொல்தான். உன் அறையில் இருக்கும் யாழ்ப்பாணப் பிள்ளையோடு தினமும் கொஞ்ச நேரம் கதை. முதலில் ஒரு குரல் பழகட்டும். நீ பேசுவது அவளுக்கு எப்படிக் கேட்கிறது என்றும் விசாரித்து எழுது.

அன்புடன்,
மாமா