கூரையில் சோலார் இருந்தும் வீடு ஏன் இருட்டு?

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் வெட்டப்பட்டது. காஸ் சிலிண்டருக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒன்று, பெற்றோலுக்கு இன்னொன்று. அந்த வருடத்துக்குப் பிறகு, “இனி எங்கட வீட்டை நாங்களே பாப்பம்” என்று முடிவெடுத்த குடும்பங்கள் பல. நல்ல முடிவு. ஆனால் அதற்குப் போடும் காசில் ஒரு பகுதி தவறான நம்பிக்கைகளில் போய் முடிகிறது.

“கூரையில் சோலார் போட்டால் மின்வெட்டிலும் வெளிச்சம் இருக்கும்.”

வெளி லைனுக்கு மின்சாரம் விற்கும் சாதாரண தொகுதி என்றால் இருக்காது. வெளி லைனில் மின்சாரம் நின்ற உடனே அதன் இன்வேர்ட்டரும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியை உங்கள் கூரை மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் வீடு இயங்க வேண்டுமென்றால் பற்றரியும் அதோடு சேர்ந்து வேலை செய்யும் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் வேண்டும்.

எவ்வளவு பெரிய பற்றரி? கடைக்காரரைக் கேட்குமுன் வீட்டைக் கேளுங்கள். 9 வாட் எல்ஈடி பல்ப் நான்கு, 60 வாட் மின்விசிறி ஒன்று, 10 வாட் ரவுட்டர் ஒன்று: மொத்தம் 106 வாட். பத்து மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியில் 1.2 யூனிட் இருப்பதாகக் கணக்கு வரும். ஆனால் அரைவாசிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறுகும் என்பதால் நம்பக்கூடியது 0.6 தான். ஆகவே இரண்டு பற்றரி தேவை. லித்தியம் என்றால் ஒன்று போதும், விலைதான் கூட. இந்தக் கணக்கில் குளிர்சாதனப் பெட்டியோ கேத்திலோ இல்லை. கேத்தில் ஒன்றே 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும்.

“காஸ் இல்லாவிட்டால் மின்னடுப்பு இருக்கிறது.”

2022இல் பலர் நம்பியது இதைத்தான். காஸ் கிடைக்காத அதே வாரங்களில் மின்சாரமும் இல்லை. காஸ், டீசல், நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரி, எல்லாமே டொலர் கொடுத்து வாங்குபவை. டொலர் தீர்ந்தபோது எல்லாவற்றுக்கும் சேர்ந்தே தட்டுப்பாடு வந்தது, நீர்த்தேக்கங்களும் வற்றியிருந்தன. ஒரே காரணத்தால் விழக்கூடிய இரண்டில் ஒன்றை மற்றதற்கு மாற்றாக வைக்க முடியாது. சமையலுக்கு மாற்று, விறகு எரியும் நல்ல மண் அடுப்புதான். இரண்டு பானை வைக்கும் “அனகி” அடுப்பு திறந்த மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகில் சமைக்கும். புகை போக வழியும், மழை படாமல் அடுக்கிய விறகும் முக்கியம். கொதி வந்த சோற்றுப் பானையை இறுக மூடிப் போர்வையால் சுற்றி வைத்தால் மிச்ச வேகல் தானாக நடக்கும்.

சாண எரிவாயுவுக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல்: நான்கைந்து பேர் சமைக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும். ஒரு மாடு போதாது.

“ஜெனரேற்றர் வாங்கினால் கவலை விட்டது.”

ஜெனரேற்றர் இருந்தும் பெற்றோல் இல்லாவிட்டால்? 2022 யூலையில் வந்த கியூஆர் எரிபொருள் பங்கீடு வாகன இலக்கத்தை வைத்துத்தான் தொடங்கியது, ஜெனரேற்றருக்கு அப்படி இலக்கம் இல்லை. கானில் நிரப்பி வீட்டுக்குள் சேர்ப்பது உயிரோடு விளையாடுவது. ஜெனரேற்றரை அறைக்குள்ளோ யன்னலுக்குப் பக்கத்திலோ ஓட்டவே கூடாது. அதன் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

“சண்டைக்காலத்தையே கடந்தவர்கள், எங்களுக்குத் தெரியாதா?”

யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லாத வீடில்லை. தொண்ணூறுகளில் பஞ்சு நனைய மண்ணெண்ணெய் ஊற்றிய ஜாம் போத்தல் விளக்கில் படித்துத் தேறிய தலைமுறைக்கு அதைச் சொல்லும் உரிமை முழுவதும் உண்டு. ஆனால் அன்று கிணற்றில் துலாவோ கப்பியோ இருந்தது. இன்று பல வளவுகளில் குழாய்க் கிணறும் மோட்டாரும் மேல்நிலைத் தாங்கியுமே இருக்கின்றன, வாளி இறக்க வாயே இல்லை. ஒரு குதிரைவலு மோட்டார் ஓடவே 750 வாட்டுக்கு மேல் வேண்டும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். விளக்குக்கு வாங்கிய சின்ன இன்வேர்ட்டர் அதைத் தாங்காது. ஆகவே பழைய திறந்த கிணறு இருந்தால் மூடிவிடாதீர்கள், கப்பியும் கயிறும் போட்டு வையுங்கள். குழாய்க் கிணறு மட்டும் என்றால், மின்சாரம் வரும் நேரத்திலெல்லாம் தாங்கியை நிரப்புங்கள். 1,000 லீற்றர் தாங்கி, சிக்கனமாகப் புழங்கினால் நான்கு பேருக்கு இரண்டு நாளுக்கு மேலேயே வரும்.