மின்சாரக் கெப் வண்டி வாங்கக் கருதும் கமக்காரருக்கு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் கமக்காரர் 2022 ஆம் ஆண்டுச் சிறுபோகத்தை எளிதில் மறக்கமாட்டார். வட்டையில் பயிர் நிற்க, உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் டீசல் தேடி, கான்களுடன் எரிபொருள் நிலையங்களில் இரவு பகலாகக் காத்திருக்க நேர்ந்தது. காலையிற் பறித்த கத்தரியும் வெண்டியும் சந்தைக்குச் செல்ல வண்டியின்றி வாடின. அவ்வாண்டு நடுப்பகுதியில் வந்த கியூ. ஆர். முறைப்படி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்டது. 2023 செப்டெம்பரிலேயே அம்முறை நீங்கியது. டீசல் வேண்டாத வண்டி ஒன்று இருந்தால் நலம் என்ற எண்ணம் அக்காலத்திலேயே பலர் மனத்தில் விழுந்தது. 2020 மார்ச்சு முதல் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், அவ்வெண்ணம் விலை விசாரிக்கும் அளவுக்கு வளர்ந்துள்ளது.

எனினும், டீசல் கிடையாத அதே 2022 இல் மின்சாரமும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பதை மறத்தலாகாது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் துண்டிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதியும் நாடு முழுவதும் மின் தடைப்பட்டது. ஆதலின் டீசல் வரிசையின் மேலுள்ள கோபம் ஒன்றே காரணமாக இலட்சக்கணக்கான ரூபாவை இவ்வண்டியிற் போடுதல் தகாது. வாங்குவதோ விடுவதோ, அதனைக் கணக்குப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும். அக்கணக்கு கடினமானதன்று, ஒரு கொப்பியும் ஒரு மாதப் பொறுமையும் போதும்.

சுமையும் தூரமும்

முதலில், வண்டி எதனைச் சுமக்கப்போகின்றது என்பதை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். இவ்வூர்களிற் ‘பட்டா’ என வழங்கும் சிறு பாரவண்டியின் மின்சார வகை ஒன்றை, ஏஸ் ஈ.வி. என்னும் பெயரில், டாட்டா நிறுவனம் 2022 மே மாதத்தில் இந்தியாவில் அறிமுகஞ் செய்தது. அதன் பற்றரி 21.3 அலகு மின்சாரத்தைக் கொள்ளும். ஒருமுறை நிரப்பினால் 154 கிலோமீற்றர் ஓடும் என்று சான்று பெற்றது. சுமை 600 கிலோ. 65 கிலோ நெல் மூடையாகக் கணக்கிட்டால் இஃது ஒன்பது மூடையே. ஓர் ஏக்கரில் முப்பது மூடை விளைந்தால், அவ்வோர் ஏக்கர் நெல்லை வீடு சேர்க்க நான்கு நடை வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியோ ஒரே நடையில் அவ்வேலையை முடித்துவிடும்; அன்றியும், களத்துக்கே லொறி அனுப்பி நெல்லை ஏற்றிச் செல்லும் ஆலைக்காரரும் வியாபாரிகளும் உளர். ஆகவே நெல் ஏற்றுவதற்கென்று சிறு மின்வண்டி வாங்குவோர் ஏமாற்றமே அடைவர். விதைநெல்லும் பசளையும் கொண்டுபோதல், வட்டைக்குப் போய்வருதல் என்னும் வேலைகளுக்கு அது போதும். ஆனால் அவ்வேலைகள் வருடத்திற் சில வாரங்களே உள்ளன.

மரக்கறிச் செய்கையாளரின் நிலைமை வேறு. கரையோர மணற்பாங்கான நிலத்திற் கத்தரி, வெண்டி, மிளகாய், பயற்றங்காய், வெள்ளரி பயிரிடுவோர் அநேகமாக நாள்தோறும், அல்லது ஒன்றுவிட்டொரு நாள், சந்தைக்குப் போகின்றனர். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள சந்தைகள் யாவும் முப்பது கிலோமீற்றருக்குள் அடங்குவன. வீதியும் ஏற்ற இறக்கமின்றிச் சமமானது. ஒரு நடைக்கு 600 கிலோ மரக்கறி என்பது சிறு தோட்டக்காரர் ஒருவரின் விளைச்சலுக்கு மிகையே. மின்வண்டிக்கு ஏற்ற வேலை ஒன்று உண்டாயின், அஃது இதுவே.

சான்றில் எழுதப்பட்ட தூரத்தை அப்படியே நம்புதல் கூடாது. சுமை, வேகம், பழுதான வீதி, பற்றரியின் வயது ஆகிய யாவும் தூரத்தைக் குறைக்கும். மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கணக்கிற் கொள்வது புத்தி. அவ்வாறு கொண்டால் மேற்சொன்ன வண்டி ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் ஓடும். உள்ளூர்ச் சந்தைக்கு அது தாராளம். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு நேராகக் கொண்டுசென்று விற்க எண்ணுவோருக்கோ அது முற்றிலும் உதவாது. மட்டக்களப்பு, பொலன்னறுவை வழியே தம்புள்ளை சுமார் 200 கிலோமீற்றர். வாழைச்சேனையைக் கடந்தபின் ஆளரவம் குறைந்த நெடுவழி உண்டு. இரவு இரண்டு மணிக்கு அவ்விடத்திற் பற்றரி ஓய்ந்தால், கான் ஒன்றில் மின்சாரம் வாங்கிவர இயலாது.

பெரிய கெப் வாங்கினால் இக்குறை நீங்குமே எனச் சிலர் கேட்பர். இசுசு நிறுவனம் 2024 மார்ச்சில் பாங்கொக் நகரத்துக் கண்காட்சியில் வைத்த டீ-மக்ஸ் மின்சாரக் கெப் ஏறக்குறைய ஒரு தொன் சுமக்கும், 66.9 அலகுப் பற்றரி கொண்டது. ஐரோப்பிய அளவைமுறைப்படி 263 கிலோமீற்றர் ஓடும். மூன்றில் இரண்டு என்ற விதிப்படி 175 கிலோமீற்றர். அதுவும் தம்புள்ளைக்கு ஒரே ஓட்டத்திற் போய்ச்சேரும் என்று உறுதி கூறுவதற்கில்லை. பெட்டி இழுத்துச் செல்லவும் எண்ணுவோர் மேலும் யோசித்தல் வேண்டும். அமெரிக்காவில் 2022 இல் விற்பனைக்கு வந்த போர்ட் எப்-150 லைற்னிங் என்னும் மின்சாரக் கெப்பில் பாரமான பெட்டி பூட்டி ஓட்டிப் பார்த்தோர், தூரம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதைக் கண்டனர்.

வீட்டு மின்னிணைப்பு

சாதாரண வீட்டு இணைப்பிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 3 அலகே வண்டியில் ஏற்றலாம். மின்சாரக் கட்டணத்தில், நேரத்துக்கேற்ப விலை மாறும் முறை ஒன்றும் உண்டு. அதன்படி இரவு 10.30 முதல் காலை 5.30 வரை அலகின் விலை குறைவு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிக அதிகம். மலிவான அந்த ஏழு மணித்தியாலத்தில் 21 அலகு ஏறும். சிறு வண்டியின் பற்றரி ஓர் இரவில் நிரம்பிவிடும் என்பது இதனாற் புலப்படும். பெரிய கெப்புக்கு இவ்வாறு மூன்று இரவுக்கு மேற் செல்லும். விரைவாக ஏற்ற வேண்டுமாயின் மும்முனை இணைப்பும் தனிச் சாதனமும் வேண்டும்; அச்செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்தே எண்ணல் வேண்டும்.

சாதாரண வீட்டுக் கட்டணமுறையில், அலகு கூடக்கூட அலகொன்றின் விலையும் ஏறும். மாதம் 180 அலகுக்கு மேற்பட்டவை மிக உயர்ந்த விலைக்குரியன. வண்டிக்கு ஏற்றும் அலகுகளிற் பெரும்பாலானவை அந்த உயர்ந்த படியிலேயே போய் விழும். ஆதலால் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறும் நிபந்தனைகளைப் பிரதேச மின்சார அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் அவசியம். அறியாது வாங்கியவருக்கு முதல் மாத மின்பட்டியலே பாடம் புகட்டும்.

ஏழு மணித்தியாலம் தொடர்ந்து பாயும் மின்சாரத்தைப் பழைய வயரும் தளர்ந்த செருகுவாயும் தாங்கா, சூடேறித் தீப்பற்றும். பிரதான சுவிச்சுப் பலகையிலிருந்து தனி வயர், தனி மின்வெட்டி, நல்ல நிலத்தொடுப்பு ஆகியவை அமைத்த பின்னரே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரல் வேண்டும். நீட்சி வயரில் ஒருபோதும் ஏற்றலாகாது. கரையோரத்து உப்புக் காற்று செருகுவாயின் பித்தளையையும் அரிக்குமாதலின், அவ்விடத்தை மூடிவைத்து மாதந்தோறும் பார்த்தல் நன்று.

கூரையிற் சூரியத் தகடு பதித்தோருக்கு ஒரு சௌகரியம் உண்டு. விடியற்காலையிற் சந்தைக்குச் சென்ற வண்டி ஒன்பது மணிக்குத் திரும்பிவிடும்; அதன்பின் வெயிலிலேயே ஏற்றலாம். ஒரு கிலோவாற்றுத் தகடு நல்ல வெயில் நாளிற் சுமார் 4 அலகு தரும். அக்காலத்து மாடு சொந்த வயலின் வைக்கோலைத் தின்று வண்டி இழுத்ததற்கு இது கிட்டத்தட்ட ஒப்பாகும். ஆயினும் பலர் அறியாத ஒன்றுண்டு: பொது மின்கம்பியோடு இணைந்த சாதாரணச் சூரியத் தொகுதி, ஊரில் மின் தடைப்பட்டவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலைசெய்வோரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. மின்வெட்டின் போதும் ஏற்ற வேண்டுமாயின், அதற்கெனப் பற்றரியும் தகுந்த இன்வேட்டரும் தனியே வேண்டும். 2022 ஐ நினைத்து வாங்குவோர் இதனை முதலிற் கேட்டறிய வேண்டும்.

கணக்கு

மரக்கறிச் செய்கையாளர் ஒருவர் நாளுக்கு 60 கிலோமீற்றர், மாதத்தில் 25 நாள் ஓடுகின்றார் என்று கொள்க. டீசற் பட்டா லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடினால், மாதத்துக்கு 100 லீற்றர் செல்லும். மின்வண்டி, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, கிலோமீற்றருக்குக் கால் அலகு கொண்டால் 375 அலகு செல்லும். 100 லீற்றர் டீசலின் இன்றைய விலையையும் 375 அலகின் இன்றைய விலையையும் எழுதிக் கழித்தால் வருவதே மாதாந்த மிச்சம். மின்வண்டியின் விலை டீசல் வண்டியின் விலையினும் எவ்வளவு அதிகமோ, அத்தொகையை இம்மிச்சத்தால் வகுத்தல் வேண்டும்.

உதாரணமாக மிச்சம் 20,000 ரூபா, விலை வித்தியாசம் 15 இலட்சம் என்று வைத்தால், 75 மாதம், அதாவது ஆறே கால் வருடம் வரும். பற்றரிக்கு எட்டு வருட உத்தரவாதம் உண்டாயின் வாங்கலாம்; ஐந்து வருடமாயின் நட்டத்துக்கு இடமுண்டு. இதே வண்டியை நாளுக்கு 30 கிலோமீற்றராக மாதம் 15 நாள் மட்டும் ஓட்டுவோருக்கு மிச்சம் 6,000 ரூபாவாகக் குறையும். 250 மாதம், ஏறக்குறைய இருபத்தொரு வருடம் செல்லும். அதற்குள் பற்றரி மட்டுமன்று, வண்டியே பழையதாகிவிடும். மின்வண்டி நின்றால் நட்டம், ஓடினால்தான் இலாபம். வருடத்தில் நூறு நாளேனும் வேலையில்லாதவர் வாடகை வண்டி பிடித்தலே உசிதம். அன்றேல், அயற்றோட்டக்காரர் இருவர் மூவர் கூடி ஒன்று வாங்கி, முறைவைத்து ஓட்டலாம்.

பணம் கட்டும் முறையும் கணக்கிற் சேரும். நெல் ஒன்றையே நம்பியவருக்குப் பெரும்போக அறுவடையில், பெப்ரவரி மார்ச்சில், ஒருமுறையும், சிறுபோகத்தில், ஓகஸ்டு அளவில், மறுமுறையும் பணம் வரும். லீசிங் தவணையோ மாதந்தோறும் வரும். விதைப்புச் செலவு கழுத்தை நெரிக்கும் நொவெம்பர் டிசெம்பரிலும் அது நில்லாது. வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் இஜாரா முறையிற் பெறலாம். அங்கும் மாதக் கட்டணம் அறுவடைக்குக் காத்திராது. வாரச் சந்தை வருமானம் உள்ள மரக்கறிச் செய்கையாளருக்கே இச்சுமை தாங்கக்கூடியது.

பழைய வண்டி

விலை குறைவு என்று பாவித்த மின்வண்டியை நாடுவோருக்கு இந்நாட்டிலேயே ஒரு முன்னனுபவம் உண்டு. 2014, 2015 ஆம் ஆண்டுகளை அடுத்து நிசான் லீப் என்னும் மின்சாரக் கார்கள் பெருந்தொகையாக இலங்கைக்கு வந்தன. அவற்றின் பற்றரியைக் குளிரவைக்கத் திரவ ஏற்பாடு இல்லை. வெப்பமான நாட்டில் அத்தகைய பற்றரி விரைவில் வலுவிழக்கும். அக்காரின் முகப்பிற் பற்றரியின் நலங்காட்டும் 12 கட்டங்கள் உண்டு. அவை ஒவ்வொன்றாகக் குறையக் குறைய, ஓடும் தூரமும் காரின் விலையும் குறைந்தன. ஆகவே பழைய மின்வண்டியை வாங்குவோர் எஞ்சின் ஒலியைக் கேட்டோ வர்ணத்தைப் பார்த்தோ மதிப்பிட முடியாது. பற்றரியின் எஞ்சிய கொள்ளளவைக் கருவியினால் அளந்து எழுத்திற் பெறல் வேண்டும். புதிய வண்டியாயினும், உத்தரவாதம் இலங்கையிற் செல்லுமா, பழுதுபார்ப்பவர் கிழக்கு மாகாணத்தில் உள்ளாரா, அன்றி வண்டியை லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்பவற்றைக் கேட்டல் வேண்டும். சுமார் 350 கிலோமீற்றர் வண்டியை ஏற்றியனுப்பும் கூலி சிறிதன்று.

வெள்ளம்

2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியிற் பாய்ந்த வெள்ளத்தில் உழவு இயந்திரம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டு மதரஸா மாணவர்கள் உயிரிழந்தனர். வீதியை மேவி நீர் ஓடும்போது எவ்வகை வண்டியையும் இறக்கலாகாது. மின்வண்டிக்கு வேறோர் அபாயமும் உண்டு. பற்றரி தளத்தின் கீழ் இருப்பதால், வரம்பு ஏறும்போதும் கல்வீதியிலும் அடிபடும். நீரில் மூழ்கினாற் பின்னரும் தீங்கு செய்யும். அமெரிக்காவின் புளோரிடாவில் 2022 இல் வீசிய இயன் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்களிற் சில, நீர் வடிந்து நாட்கள் சென்றபின் தாமாகவே தீப்பற்றின. கல்முனைக் கரையிலும் வெள்ளமும் கடலும் நெருங்கியவை. மாரி தொடங்குமுன் வண்டி நிறுத்தும் இடத்தை மேடாக்கி, செருகுவாயைக் கடந்த வெள்ளத்தின் அடையாளத்துக்கு மேலே அமைத்தல் வேண்டும். மூழ்கிய வண்டியை வீட்டினின்று விலக்கித் திறந்த வெளியில் வைத்து, தேர்ந்தவர் பார்க்கும்வரை மின்னேற்றாதிருத்தல் வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின் வாங்கத் துணிந்தவர், விற்பனையாளரிடம் வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், முழுப் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டல் வேண்டும். ஒன்பது மூடையை ஏற்றி, பற்றரி நிரம்பிய நிலையிற் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று சென்று திரும்பி, முகப்பில் எஞ்சிய நூற்றுவீதத்தையும் ஓடிய தூரத்தையும் குறித்துக்கொள்க. அனுமதிக்காத விற்பனையாளரிடம் முற்பணம் கொடுத்தல் வேண்டாம்.