வாசகர் கடிதமும் வெள்ளித்திரையும்

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' படத்தைப் பற்றி நாவலின் ரசிகர்கள் இவ்வளவு வாதாடியது ஏன்?

பதில்: கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை அது. மணியத்தின் ஓவியங்களோடு வாராவாரம் படித்தவர்கள் மனத்தில் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் அப்போதே முகம் அமைந்துவிட்டது. கதை சட்டென்று முடிந்ததாக வாசகர்கள் குறைப்பட, நாவலாசிரியர் கல்கி முடிவுரை எழுதியே சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. எம்.ஜி.ஆர். படமாக்க முயன்றார், கைகூடவில்லை. மணிரத்னம் 2022, 2023-இல் இரு படங்களாக எடுத்தார். ஐந்து பாக நாவல் ஆறு மணி நேரத்துக்குள் அடங்கியது. படத்தில் வெட்டுப்பட்ட பாத்திரங்களில் மணிமேகலையும் ஒருத்தி. நாவலின் கடைசி அத்தியாயமே அவளுடையது என்பதால், அவளைப் படத்தில் காணாத ரசிகர்களின் வருத்தம் நியாயமானதுதான்.