கண்ணுக்குள் கிருமி: அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்

கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரா நீங்கள்? தினமும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். எழுத்து தெரியவில்லை என்றால் வீட்டில் உள்ளவர்களைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இது என்ன நோய்?

சாதாரணக் கண் சிவப்பு, கண்ணின் மேற்பரப்பில் வருவது. பெரும்பாலும் சில நாட்களில் குணமாகிவிடும். இந்த நோயிலோ கிருமி கண்ணுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது. அரிதாகத்தான் வரும், வந்தால் ஓரிரு நாளில் பார்வை போகலாம். அறுவைச் சிகிச்சைக் காயம் வழியாகவோ, செம்பனை மட்டை குத்திய காயம் வழியாகவோ கிருமி நுழையலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, உடலில் வேறு இடத்தில் உள்ள கிருமி இரத்தத்தின் வழியாகவும் கண்ணுக்கு வரலாம்.

மருந்துக்கு அடங்காத கிருமி

2023-இல் அமெரிக்காவில் 'எஸ்ரிகேர்' என்னும் கண் சொட்டு மருந்து விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தமிழ்நாட்டில் தயாரான மருந்து அது. நோயாளிகள் பயன்படுத்திய போத்தல்களில், பல ஆண்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காத 'சூடோமோனாஸ்' கிருமி இருந்தது. 81 பேர் பாதிக்கப்பட்டனர். 14 பேர் பார்வை இழந்தனர். 4 பேருக்குக் கண்ணையே எடுக்க நேர்ந்தது. 4 பேர் இறந்தனர். பலமுறை பயன்படுத்தும் அந்தப் போத்தலில், கிருமி வளராமல் தடுக்கும் பொருள் சேர்க்கப்படவில்லை.

ஆபத்தின் அறிகுறிகள்

• கண்வலி கூடிக்கொண்டே போவது
• பார்வை திடீரென மங்குவது
• கண் மிகவும் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசுவது
• சீழ் வடிவது, இமை வீங்குவது

அறுவைக்குப் பின் இலேசான உறுத்தல் இருக்கலாம்; அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால் ஆபத்து.

செய்ய வேண்டியவை

• கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின் மருந்து விடுங்கள். போத்தலின் முனை கண்ணிலோ விரலிலோ படக்கூடாது.
• திறந்த தேதியைப் போத்தலில் எழுதுங்கள். மருந்தகத்தில் சொன்ன நாள் முடிந்ததும் வீசிவிடுங்கள்.
• 'எம்.ஏ.எல்.' பதிவு எண் உள்ள மருந்தையே வாங்குங்கள்.
• ஆண்டிபயாட்டிக் மருந்தை மருத்துவர் சொன்னபடி முழுமையாகப் பயன்படுத்துங்கள்.

செய்யக் கூடாதவை

• பக்கத்து வீட்டாரின் சொட்டு மருந்தை வாங்கி விடாதீர்கள்.
• தாய்ப்பால், இலைச்சாறு எதையும் கண்ணில் ஊற்றாதீர்கள்.
• மட்டை குத்திய கண்ணைக் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள்.

கண் மருத்துவர் கண்ணுக்குள்ளேயே மருந்தை ஊசி மூலம் செலுத்துவார். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அறிய, கண் நீரைச் சிறிதளவு எடுத்துச் சோதிப்பார்கள். இதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

"பிள்ளைகள் வேலை முடிந்து வரட்டும்", "நாளைக்குப் பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். தோட்டத்தில் வாகனம் இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள்.