சளிக்காய்ச்சலும் கல்லீரலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸுக்கும் கல்லீரலுக்கும் சம்பந்தமில்லை.

இன்புளுயன்சா, கோவிட்-19 இரண்டிலுமே எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதிகளின் ரத்த அளவு கூடுவதுண்டு. கோவிடுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் கணிசமானோருக்கு இது தென்பட்டது. பெரும்பாலும் லேசான ஏற்றம்தான். நோய் தணிந்தபின் தானாக இறங்கிவிடும். எஸ்ஜிஓடி தசையிலும் உண்டு என்பதால், கடும் உடல்வலியோடு வரும் காய்ச்சலில் அது மட்டும் கூடியிருந்தால் கல்லீரலைக் குறை சொல்ல முடியாது.

நம்பிக்கை: வைரஸ் கல்லீரலுக்குள் புகுந்துதான் அதைக் கெடுக்கிறது.

இன்புளுயன்சாவில் பெரும்பாலும் அப்படியில்லை. நுரையீரலில் வைரஸை எதிர்க்கப் பெருகிய டி செல்கள் ரத்தத்தோடு கல்லீரலுக்கு வந்து தங்குகின்றன. அங்கே கல்லீரலின் தற்காப்புச் செல்களான குப்ஃபர் செல்களோடு சேர்ந்து, வைரஸே இல்லாத இடத்தில் அழற்சியைக் கிளப்புகின்றன. எலிகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டுள்ளது. யாரோ போட்ட சண்டையில் பக்கத்தில் நின்றவனுக்கு அடி விழுந்த கதைதான். கோவிட் வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் பித்தநாளச் செல்களில் இருப்பதால், அங்கே நேரடித் தாக்குதலுக்கும் இடமுண்டு. நோய் முற்றியவர்களுக்கு ஆக்சிஜன் குறைவும் கல்லீரலை வாட்டும்.

நம்பிக்கை: எஸ்ஜிபிடி கூடினால் மஞ்சள் காமாலை; கீழாநெல்லி போதும்.

காமாலையைக் காட்டுவது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி. சளிக்காய்ச்சலில் அது பெரும்பாலும் கூடுவதில்லை. கண் மஞ்சளித்தால் ஹெபடைடிஸ், எலிக்காய்ச்சல், மருந்தின் பாதிப்பு என்று வேறு காரணம் தேட வேண்டும்; கீழாநெல்லியோடு நிறுத்திவிடக் கூடாது.

நம்பிக்கை: காய்ச்சல் மாத்திரையும் கஷாயமும் கெடுதல் செய்யாது.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ இருந்தால் அதைவிடக் குறைவு. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம். கூடவே மருந்துக்கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. இன்புளுயன்சா, சின்னம்மை கண்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்து மூளை வீங்கும் ரை நோய் வரலாம். ஆஸ்திரேலிய நோயியல் மருத்துவர் டக்ளஸ் ரை 1963இல் விவரித்த நோய் அது. கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் மூலிகை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்விலும் அதே தொடர்பு தெரிந்தது.