ஸபரும் சிநேகிதமும்



உமர் (ரலி) அவர்களின் முன்னிலையில் ஒருவர் இன்னொருவருக்காகச் சாட்சி சொல்ல வந்த வரலாற்றை நம்மில் பலர் மதரஸாவில் ஓதியிருப்போம். அவரை உமக்குத் தெரியுமா என்று கலீபா கேட்டார்கள். தெரியும் என்றார் வந்தவர். நீர் அவருடைய அண்டை வீட்டாரா? அவரோடு தீனார், திர்ஹத்தில் கொடுக்கல் வாங்கல் செய்தீரா? அவரோடு ஸபர் போயிருக்கிறீரா? இப்படி மூன்று கேள்விகள். மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. பள்ளிவாசலில் அவர் குனிந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர், உமக்கு அவரைத் தெரியாது என்று கலீபா அவர்கள் முடித்துவிட்டார்கள்.

அண்டை வீட்டையும் பணத்தையும் கேட்டது சிறு வயதிலேயே நமக்கு விளங்கியது. ஸபரை எதற்குச் சேர்த்தார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. ஸபர் என்ற அரபுச் சொல்லில் திரை விலகுதல் என்ற கருத்தும் உண்டு, மனிதனின் குணத்தை வெளியே கொண்டு வருவதால் பிரயாணத்திற்கு அப்பெயர் பொருந்தும் என்று உஸ்தாது சொல்லித் தந்தார். அதை நாம் மனனம் செய்தோமே தவிர, உணர்ந்தது நாற்பத்தாறாம் வயதில், கிள்ளானிலிருந்து பினாங்கு போன ஒரு பகல் பிரயாணத்தில்தான்.

பிரிக்பீல்ட்ஸில் மளிகைக் கடை வைத்திருக்கும் நமது சிநேகிதரை நாம் காக்கா என்றே அழைப்பது வழக்கம். நம்மைவிட ஒன்பது வயது மூத்தவர். இருபது வருஷப் பழக்கம். ஆனால் அந்தப் பழக்கம் முழுவதும் தொலைபேசியிலேயே நடந்தது. அரிசி என்ன விலை, கைலி வந்து இறங்கிவிட்டதா, ஊரில் யார் மவுத்து, அவ்வளவில் பேச்சு முடியும். பினாங்கில் நம் இருவருக்கும் வேண்டிய ஒருவர் வீட்டு நிக்காஹ் வந்தது. சேர்ந்து போவோம் என்று அவரே சொன்னார். எக்ஸ்பிரஸ்வே வேண்டாம், கடலோரப் பழைய ரோட்டில் போவோம் என்பதும் அவர் விருப்பமே.

1994-ல் முழுவதும் திறந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நமக்கெல்லாம் பெரிய உபகாரம். சரக்கு நேரத்திற்கு வருகிறது. ஆனால் அதில் போகிறவன் எங்கும் போனதாகத் தோன்றுவதில்லை. தஞ்சோங் மாலிம் எப்போது வந்தது, பீடோர் எப்போது போனது என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. கை வண்டியை ஓட்டும், மனம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்.

புறப்பட்ட அன்று காக்கா கொம்யூட்டர் ரயிலில் கிள்ளான் வந்து இறங்கினார். கையில் ஒரு பை, ஒரு கறுப்புக் குடை. மூன்று பேர் பிரயாணம் போனால் ஒருவரை அமீராக வைத்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருப்பது எல்லோரும் அறிந்ததே. நாங்கள் இருவர்தான் என்றாலும் மூத்தவர் என்பதால் அவரையே அமீராக்கினோம். அதன் பலனை மாலையில் அனுபவித்தோம்.

காப்பார் தாண்டுவதற்குள் கடையிலிருந்து நான்கு முறை அழைத்துவிட்டார்கள். கைலிக் கட்டு எங்கே, சாவி எங்கே, நேற்று வந்தவர் இன்றும் வந்திருக்கிறார். காரின் ஒலிபெருக்கியில்தான் பேசினோம் என்றாலும் பேச்சு பேச்சுதானே. நான்காவது அழைப்பு முடிந்ததும் காக்கா, "தம்பி, உங்க உடம்பு மட்டும்தான் கார்லே இருக்கு. கல்பு இன்னும் தெங்கு கிளானா ரோட்டுலேயே நிக்குது" என்றார். பிறகு அமீர் என்ற முறையில், இரண்டு கைத்தொலைபேசிகளையும் முன்பெட்டிக்குள் போடும்படியும் தொழுகைக்கு நிற்கும்போது மட்டுமே எடுக்கும்படியும் உத்தரவிட்டார். நமக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கடை நம்முடையதல்லவா!

ஓதியவர்கள் ஹுளூர் என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். தொழுகையில் உடம்பு நிற்கும் இடத்தில் கல்பும் வந்து நிற்பது. தொழுகைக்கு மட்டும் உரிய வார்த்தை என்றே நாம் எண்ணியிருந்தோம். தொலைபேசி அடங்கி அரை மணி நேரம் சென்றபின், கோலசிலாங்கூரின் பழைய கோட்டைக் குன்று தெரிந்தது. அதன் மேல் 1907-ல் கட்டிய வெளிச்சவீடு. இந்த ஊருக்கு நாம் முப்பது தடவையாவது சரக்குப் போட வந்திருக்கிறோம், ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. செகிஞ்சானில் வயல். நெற்கதிர் பழுக்கத் தொடங்கி, பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்தது. காக்கா கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஊரில் அறுப்புக் காலத்தில் வரும் அதே வாசனை. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சபாக் பெர்ணம் வரைக்கும் அப்படியே போனோம்.

லுஹருக்குத் தெலுக் இந்தான் சேர்ந்தோம். அங்கே 1885-ல் கட்டிய சாய்ந்த கோபுரம் இருக்கிறது. தண்ணீர் தேக்கி வைப்பதற்காகக் கட்டினார்கள். பாரமும் ஈர மண்ணும் சேர்ந்து அதைச் சாய்த்துவிட்டன. வெளியிலிருந்து எண்ணினால் எட்டு அடுக்கு, உள்ளே மூன்று அடுக்குத்தான். சில கடைகளின் நிலவரமும் இப்படித்தான் என்று நாம் சொல்ல, காக்கா சிரித்தார். சிரிப்பில் சற்றே ஓர் இழுப்பு இருந்ததை அப்போது நாம் கவனிக்காதது போல் இருந்துவிட்டோம்.

இங்கே ஒரு மஸ்அலாவைச் சொல்ல வேண்டும். நாம் ஷாபிஈ, காக்கா ஹனபி. நமது மத்ஹபில் இரண்டு மர்ஹலா தூரம், அதாவது இக்காலக் கணக்கில் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகிறவர், ஊர் எல்லையைக் கடந்தபின் நான்கு ரக்அத்துத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்தும் தொழலாம். (பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் வருவதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. சிலர் கேட்கிறார்கள், ஆகவே எழுதுகிறோம்.) ஸுபுஹும் மஃரிபும் சுருங்கா. ஹனபிகளுக்குப் பிரயாணத்தில் சுருக்குவது கட்டாயம். ஆனால் ஹஜ்ஜில் அரபா, முஸ்தலிபா தவிர வேறெங்கும் இரண்டு வேளையைச் சேர்த்துத் தொழ இடமில்லை. ஆகவே நாம் லுஹரோடு அஸரையும் முடித்துக்கொண்டு செருப்பை மாட்டினோம். காக்கா லுஹரை மட்டும் தொழுதார். அஸருக்கு இன்னொரு முறை நிறுத்த வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இருட்டுமுன் பாலம் கடக்க நினைத்திருந்த நமக்கு அது பிடிக்கவில்லை.

பேராக் ஆற்றைத் தாண்டி, சித்தியவான், பந்தாய் ரெமிஸ் வழியாகச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போனோம். துரோங் பக்கம் ஒரு கம்பத்துச் சூராவில் அஸர் பாங்கு கேட்டது. காக்கா இறங்கி ஜமாஅத்தில் சேர்ந்தார். ஊரிலிருக்கும் இமாமின் பின்னால் தொழும் பிரயாணி சுருக்காமல் நான்கும் தொழ வேண்டும். ஆகவே இன்னும் தாமதம். நாம் படியில் உட்கார்ந்தோம். பழக்க தோஷத்தால் கை சட்டைப் பையைத் தடவியது, பை காலி.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்த கால் மணி நேரம்தான் இந்தக் கட்டுரையே. முற்றத்தில் ஒரு ரம்புத்தான் மரம், அடியில் கோழிகள். ஹவுளில் குழாய் சொட்டும் சத்தம். தாமதமாக வந்த மலாய்ப் பெரியவர் ஒருவர், அறிமுகமே இல்லாத நமக்கு நின்று ஸலாம் சொல்லி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்துவிட்டு உள்ளே போனார். 1325-ல் தாஞ்சியரை விட்டுத் தனியே புறப்பட்ட இப்னு பதூதா தூனிஸ் நகரத்திற்குள் போனபோது, கூட வந்தவர்களையெல்லாம் ஊரார் வந்து வரவேற்க, தமக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லையென்று அழுதாராம். அதைக் கண்ட ஓர் ஹாஜி பக்கத்தில் வந்து ஸலாம் சொல்லி ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தார். பின்னாளில் நமது மதுரைச் சீமை வரைக்கும், சுமத்ரா வரைக்கும் சுற்றியவர் அந்தச் சிறு உபகாரத்தை மறக்காமல் தம் பிரயாண நூலில் சொல்லி வைத்திருக்கிறார். அது நினைவுக்கு வந்ததும், நாம் மூன்று வருஷமாக யாருக்குச் சரியாக ஸலாம் சொல்லவில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

விஷயம் இதுதான். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நமது ஜவுளிக் கடையை மூடினோம். மளிகைக் கடைகளுக்கு அனுமதி இருந்தது. அந்த நேரத்தில் காக்கா 10,000 வெள்ளி கைமாற்றாகக் கொடுத்தார். சீட்டு எழுதவில்லை, சிநேகிதத்தில் எழுதுவது மரியாதைக் குறைவு என்று எண்ணினோம். சிறிது சிறிதாக 7,000 திருப்பிக் கொடுத்தோம். பிறகு நின்றுவிட்டது. அவரும் கேட்கவில்லை, நாமும் எடுத்துப் பேசவில்லை. தொலைபேசிப் பேச்சு மட்டும் வருஷா வருஷம் குறுகிக்கொண்டே வந்தது.

காக்கா வெளியே வந்து காலுறை மாட்டும்போது நாம் சொல்லிவிட்டோம். "காக்கா, உங்களுக்கு நான் 2,400 வெள்ளி தரணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மூவாயிரம், தம்பி" என்றார்.

நோன்புப் பெருநாளைக்கு நாம் அனுப்பிய 40 கைலியை, ஒன்று 15 வெள்ளி வீதம் 600 என்று நாம் பேரேட்டில் கடனுக்கு வரவு வைத்திருந்தோம். அவரோ அதை நமது பெருநாள் ஹதியா என்று எண்ணி, தம் கடைப் பையன்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, அவர்களையெல்லாம் நமக்காக துஆச் செய்யவும் சொல்லியிருக்கிறார்! கேட்டதும் நமக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. துஆவை வாங்கிக்கொண்டபின் கைலிக்கு விலை போடுவது எப்படி? அது ஹதியாவாகவே இருக்கட்டும், மூவாயிரமே சரி என்றோம்.

அவர் உடனே கார் பக்கம் வரவில்லை. படியிலேயே உட்கார்ந்தார். "நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார். நம்மைப் பற்றி பிரிக்பீல்ட்ஸில் ஒருவரிடம், கிள்ளான்காரர் கை நீண்ட கை இல்லை, கணக்குத்தான் நீளும் என்று ஒரு கோபத்தில் சொல்லிவிட்டாராம். "அதை ஹலால் பண்ணிக்குங்க தம்பி. ஒரு வருஷமா நெஞ்சிலே கிடக்குது." தெலுக் இந்தானில் அவர் சிரித்த சிரிப்பின் இழுப்பு இப்போது விளங்கியது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஹலாலாக்கினோம். ஆனால் சொன்னது முழுப் பொய்யல்லவே என்பதுதான் அதிகம் வலித்தது.

குர்ஆனில் எல்லாவற்றிலும் நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதுமல்ல. கடனை எழுதி வையுங்கள் என்பதைப் பற்றியது. அல்பகராவின் 282-ஆம் வசனம். சிறிதோ பெரிதோ எழுதச் சோம்பாதீர்கள், சாட்சி வையுங்கள் என்று அது ஏவுகிறது. அதற்கு அடுத்த வசனத்தைக் கவனியுங்கள். நீங்கள் ஸபரில் இருந்து எழுதுகிறவர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று சொல்கிறது. கொடுக்கல் வாங்கலுக்குப் பக்கத்திலேயே பிரயாணம் நிற்பதை நாம் ஓதியும் கவனித்ததில்லை. நமக்கோ எழுதத் தெரியும், காகிதமும் இருந்தது. எண்ணெய் நிரப்பிய ரசீதின் பின்புறத்தில் மாதம் 500 வீதம் ஆறு தவணை என்று எழுதினோம். ஸலாம் சொன்ன பெரியவரும் சூராவின் பிலாலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

காட்சி பார்ப்பதால் மட்டும் பிரயாணத்தில் சந்தோஷம் வருவதில்லை. கல்பு வண்டிக்குள் வந்து உட்கார்ந்தால் அது மறைத்து வைத்ததையும் கூடவே கொண்டு வருகிறது. வயலைப் பார்த்த அதே கண்ணுக்குத்தான் அந்த மூவாயிரமும் தெரிந்தது.

நிற்க. தைப்பிங் வந்ததும் மழை. அந்த ஊர் மழைக்குப் பேர்போனது. ஏரித் தோட்டம் பழைய ஈயச் சுரங்கக் குழிகளில் அமைந்தது. கரையிலுள்ள தூங்குமூஞ்சி மரங்கள் ரோட்டைத் தாண்டித் தண்ணீரைத் தொடும்படி வளைந்து நிற்கின்றன. மழையில் அதைப் பார்க்க வேண்டும் என்று நாம்தான் காரை நிறுத்தினோம். காக்கா குடையை விரித்து நமது தலைக்கு மேல் பிடித்தார். நாம் வாங்கப் போக, "அமீர் யார்?" என்றார்.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் ஒரு வரலாறு சொல்கிறார்கள். அபூ அலி ரிபாதீ என்பவர் அப்துல்லாஹ் மர்வஸீயுடன் பிரயாணம் போனார். நீங்களே அமீர் என்று ரிபாதீ ஒப்புக்கொண்டார். அமீரோ சாமான் மூட்டையைத் தாமே முதுகில் சுமந்தார். கேட்டால், அமீர் சொன்னால் கேட்க வேண்டும் என்பார். ஓர் இரவு மழை பிடித்தது. விடியும் வரை நின்றபடியே தம் போர்வையை ரிபாதீயின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். நீங்களே அமீர் என்று சொல்லுமுன் நான் செத்திருக்கலாமே என்று ரிபாதீ உள்ளுக்குள் நொந்தாராம். அதை நாம் சொன்னதும் காக்கா பலமாகச் சிரித்தார். இருவரும் பாதி பாதி நனைந்தோம்.

மஃரிபுக்குப்பின் பாரிட் புந்தார், நிபோங் தெபால், பிறகு 1985-ல் திறந்த பாலம். இருட்டித்தான் கடந்தோம். தண்ணீருக்கு அப்பால் ஜார்ஜ்டவுன் விளக்குகள். எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு காலைப் பொழுதில் முடியும் தூரத்திற்கு ஒரு பகல் முழுவதும் செலவாயிற்று. மறுநாள் கப்பித்தான் கிளிங் பள்ளியில் ஸுபுஹைத் தொழுது, நிக்காஹுக்குப் போனோம்.

திரும்பும்போது எக்ஸ்பிரஸ்வேயில்தான் வந்தோம். பிரயாணம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுப்பது, வேலை முடிந்தால் வீட்டாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பீடோர் வந்ததும் காக்கா, "தம்பி, பீடோர்" என்றார். பார்த்தோம்.

இரண்டு தவணை கொடுத்தாகிவிட்டது, பாக்கி நான்கு. அந்த ரசீது இப்போது நமது பேரேட்டில் ஒட்டியிருக்கிறது. அடுத்த முறை குவாந்தான் பக்கம் போவோம் என்கிறார் காக்கா. அமீர் நாமாம். குடை வாங்கியாகிவிட்டது, பெரியதாக.